பிள்ளைகளுக்கு கிறிஸ்துமஸ் பரிசு: எத்தனை போதும்?

நாகர்கோவில் அம்மா:
எனக்கு 2 பையன்கள், 9 வயது, 5 வயது. போன வருஷம் தாத்தா, சித்தி, மாமா என்று ஆளாளுக்குக் கொடுத்ததில் 20 பொட்டலம் சேர்ந்து, பிரித்த வேகத்தில் எல்லாம் கட்டிலுக்கடியில் போய்விட்டது, சின்னவன் கடைசியில் அட்டைப்பெட்டியை வைத்துத்தான் விளையாடினான். இந்த வருஷம் எப்படிக் குறைப்பது?

பாளை அக்கா:
எங்கள் வீட்டில் ஆளுக்கு மூன்றுதான். மத்தேயு சுவிசேஷத்தில் குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த சாஸ்திரிகள் (கிழக்கத்திய ஞானிகள்) கொண்டுவந்ததும் பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் என்று மூன்றுதானே, அதைச் சொன்னதும் பிள்ளைகள் சரி என்றார்கள். ஆசைப்பட்டது ஒன்று, தேவையானது ஒன்று, வாசிக்க ஒன்று. புத்தாடையை இதில் சேர்க்காதீர்கள், அது எப்படியும் எடுப்போம்.

மதுரை அப்பா:
பெரியவர்களிடம் நவம்பரிலேயே பேசிவிடுங்கள். டிசம்பர் 20-க்கு மேல் சொன்னால் வாங்கி வைத்திருப்பார்கள், மனசு கஷ்டப்படும். நாங்கள் எல்லோரும் பணம் போட்டு மகளுக்கு ஒரே ஒரு சைக்கிள் வாங்கினோம், மூன்று வருஷமாக அதில்தான் பள்ளிக்கூடம் போகிறாள்.

மார்த்தாண்டம் சகோதரி:
என் மாமியார் பேத்திக்கு அச்சுமுறுக்கு சுடச் சொல்லிக்கொடுத்து, அப்புறம் அந்தப் பழைய அச்சையே பரிசாகக் கொடுத்துவிட்டார்கள். அதை யாரையும் தொட விடமாட்டாள்.

நாகர்கோவில் அம்மா:
நன்றி அக்கா. பெரியவனுக்கு சைக்கிள் சரியாக இருக்கும், இன்றைக்கே அப்பாவுக்கு போன் போடுகிறேன்.