மறு: கோ, நோ-கோ கேஜுக்குத் தமிழ்ச்சொல்

குழும நண்பர்களுக்கு வணக்கம். ஒரு பாகம் அளவு வரம்புக்குள் இருக்கிறதா என்று சோதிக்கும் ஜோடி அளவிகள்தான் (கேஜ்கள்) கோ, நோ-கோ: கோ பொருந்த வேண்டும், நோ-கோ பொருந்தக்கூடாது. இவற்றுக்குத் தமிழ்ச்சொல் கேட்டதற்கு வந்த யோசனைகளுக்கு என் பதில்.

> செல் அளவி, செல்லா அளவி என்று வைத்துவிடலாமே?

சொல்ல எளிதுதான். ஆனால் செல்லாக் காசு, செல்லா ஓட்டு என்று பழகிய காதுக்கு, ‘செல்லா அளவி’ என்றால் அந்த அளவியே பழுது என்றுதான் படும்.

ரைஃபிள் பாகங்களை வைத்தே யோசிப்போம். அளவிகளை நம்பி வளர்ந்த தொழில் அது. அமெரிக்காவின் ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஆயுதச்சாலையில் ஜான் ஹால் தன் ரைஃபிளுக்கு 63 கேஜ்கள் வைத்திருந்தார். பாகம் எவ்வளவு பளபளத்தாலும், எவ்வளவு கைதேர்ந்தவர் செய்திருந்தாலும், கேஜ் ஒப்புக்கொண்டால்தான் அது நல்ல பாகம். 1826-இல் வந்த ஆய்வுக்குழு நூறு ரைஃபிள்களைக் கழற்றி, பாகங்களைக் கலந்து, புதிய துப்பாக்கிக் கட்டைகளில் பூட்டிப் பார்த்தது. பொருந்தின. 1834 வாக்கில் கனெக்டிகட் மாநிலத்தில் சிமியன் நார்த் என்ற துப்பாக்கித் தயாரிப்பாளர் செய்த பாகங்களையும் ஹாலின் ரைஃபிளில் மாற்றிப் போட முடிந்தது. அந்தக் காலத்து இயந்திரங்களை வைத்துக்கொண்டு, இரண்டு ஊர்ப் பட்டறைகளில்! எனக்கு இன்றும் வியப்புதான்.

> நுழை அளவி, நுழையா அளவி?

துளைக்குச் சரி. தண்டை வளைய அளவியால் சோதிக்கும்போது நுழைவது தண்டு, அளவி அல்ல. ரைஃபிளின் ஹெட்ஸ்பேஸ் இன்னும் சிக்கல். தோட்டா அறையைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டின் முகத்துக்கும், அறைக்குள் தோட்டா தடுத்து நிற்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளி அது. அங்கே நோ-கோ கேஜும் தோட்டா அறைக்குள் நுழையத்தான் செய்யும். அதன்மேல் போல்ட் மூடக்கூடாது, அவ்வளவே. சிறும அளவி, பெரும அளவி என்றும் வைக்க முடியாது. துளைக்குக் கோ என்பது சிறிய அளவு, தண்டுக்கோ பெரிய அளவு.

என் பரிந்துரை: கொள் வரம்பளவி, கொள்ளா வரம்பளவி.

மானி என்றால் ஓர் எண்ணைக் காட்ட வேண்டும். இது எண் காட்டாது, வரம்புக்குள் இருக்கிறதா என்று மட்டும் சொல்லும், அதனால் வரம்பளவி. பை கொள்ளாது, பாத்திரம் கொள்ளாது என்று தினமும் பேசுகிறோம். துளை, வளையம், போல்ட் மூடிய அறை மூன்றுக்கும் ‘கொள்ளும், கொள்ளாது’ சரியாக வருகிறது. சுருக்கி ‘கொள்ளளவி’ ஆக்க வேண்டாம், கொள்ளளவோடு குழம்பும்.

பட்டறைப் பேச்சில் நிற்குமா? பிரிட்டிஷ் லீ-என்ஃபீல்ட் நம்பர் 4 ரைஃபிளில் ஹெட்ஸ்பேஸைச் சரிசெய்ய 0 முதல் 3 வரை எண்ணிட்ட, வெவ்வேறு நீளமுள்ள போல்ட் தலைகள் உண்டு. “எண் 1 தலையில் கொள்ளா வரம்பளவி மேலேயும் போல்ட் மூடுது, எண் 2 போட்டுப் பாருங்க” என்று சொல்லிப் பார்த்தேன். நாக்கு இடறவில்லை.

இன்னொன்று பாக்கி. பழைய ரைஃபிளில் நோ-கோ மேல் போல்ட் மூடினாலும் உடனே ஒதுக்குவதில்லை. நோ-கோவைவிடச் சற்று நீளமான ஃபீல்ட் கேஜின் மேலேயும் போல்ட் மூடினால்தான் பயன்பாட்டிலிருந்து எடுப்பார்கள். அதற்குக் ‘கழிப்பு வரம்பளவி’ என்று நினைத்திருக்கிறேன். இதைவிட நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள்.