புதுப்பிப்பு: பழைய ஸ்பிரிங் ஏர் ரைபிளில் ஸ்கோப் மவுன்ட் நகரும் பிரச்சினை தீர்ந்தது

ஸ்கோப்பை (குறி பார்க்கும் தொலைநோக்கி) ரைபிள் மேலே பிடிச்சு நிறுத்துற மவுன்ட்டை எவ்வளவு முடுக்கினாலும், ஐம்பது பெல்லட் (ஏர் ரைபிள் குண்டு) சுடுறதுக்குள் அது பின்னால் நகருது, என்ன செய்யலாம்னு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

முதலில் வெர்னியர் வெச்சு அளக்கச் சொன்ன அண்ணன் சொன்னதுதான் சரி. ரயில், அதாவது ரைபிள் மேலே மவுன்ட் கவ்வுற நீளப் பட்டை, அதோட அகலம் 11 மி.மீ. கடையில் கொடுத்திருந்தது 20 மி.மீ. ரயிலுக்கான மவுன்ட்; அது பிடிக்கவே பிடிக்காது. 11 மி.மீ. ஒற்றைத் துண்டு மவுன்ட் மாட்டியாச்சு. மவுன்ட் நகராம தடுக்க ரயில் துளையில் இறங்குற ஸ்டாப் பின் போடச் சொன்ன யோசனை மட்டும் வேலைக்கு ஆகலை, இந்தப் பழைய ரயிலில் அதுக்கான துளையே கிடையாது. துளை போட மனசு வரலை. வியாசர்பாடி லேத் பட்டறையில் ரயிலைக் கவ்வுற மாதிரி சின்ன இரும்புக் கட்டை செஞ்சு, மவுன்ட்டுக்குப் பின்னால் ஒட்டினாப்போல வெச்சு இறுக்கினேன். ரயிலில் எண்ணெய்ப் பசை இருந்தா எதுவும் நிற்காது. தின்னர் போட்டுத் துடைச்ச பிறகே மாட்டணும். 200 பெல்லட் போயாச்சு, பென்சில் கோடு போட்ட இடத்திலேயே இருக்கு.

எதிர்பாராதது: ரைபிள் குழல் லேசா கீழே சாய்ஞ்சிருக்கு. குறியை மேலே ஏத்துற ஸ்கோப் குமிழை முழுசா திருகியும் 10 மீட்டரில் 12 மி.மீ. கீழேயே பட்டது. மவுன்ட்டில் ஸ்கோப்பைப் பிடிக்கிற ரெண்டு வளையத்தில், பின்பக்க வளையத்தின் அடிப்பாதிக்குள், ஸ்கோப்புக்குக் கீழே 0.15 மி.மீ. தடிமன் பழைய நெகட்டிவ் ஃபிலிம் ஒரு துண்டு வெச்சேன். வளைய இடைவெளி 100 மி.மீ., அதனால் 10 மீட்டரில் 15 மி.மீ. ஏறும். ரெண்டு மூணு அடுக்கு வைக்காதீங்க, ஸ்கோப் குழாய் வளைஞ்சிடும்.

காசிமேட்டு உப்புக் காத்துக்கு, போல்ட் தலையில் மட்டும் ஒரு சொட்டு மெஷின் ஆயில்.