புதுப்பிப்பு: தங்கச்சி மறுபடி கம்பஸ் போகிறாள்

ஐந்து கிழமைக்கு முன் எழுதியிருந்தேன்: பகிடிவதைக்கு (ராகிங்) மறுத்த ஒரு பொடியனைச் சீனியர்மார் அடித்து மண்டை உடைந்ததை, முதலாம் வருடத்தில் இருக்கும் என் தங்கச்சி நேரில் பார்த்துவிட்டாள், கம்பஸ் போக மாட்டேன் என்கிறாள் என்று.

இப்போது கிழமையில் நான்கு நாள் போகிறாள். கன்ரீன் பக்கம் மட்டும் போவதில்லை. அம்மா கட்டிக்கொடுக்கும் இடியப்பத்தை விரிவுரை மண்டபப் படியில் இருந்து சாப்பிடுகிறாளாம். கோயில் வெடி கேட்டால் இன்னும் கை நடுங்குகிறது.

நீங்கள் சொன்னபடி மனநல வைத்தியரிடம் போனோம். முதல் சில கிழமைகள் இப்படி இருப்பது வழமை, ஒரு மாதம் தாண்டியும் குறையாவிட்டால்தான் கவனிக்க வேண்டும், கை நடுக்கத்துக்காக மறுபடி வரட்டும் என்றார். நடந்ததைச் சொல்லச் சொல்லி வற்புறுத்தவும் வேண்டாமாம். நான் அதைத்தானே செய்துகொண்டிருந்தேன்!

அம்மாதான் ஆச்சரியம். "95 இடப்பெயர்வில நாவற்குழிப் பாலம் தாண்டிப் போனனாங்கள், இதெல்லாம் ஒரு விசயமே?" என்று, போரில் யாழ்ப்பாணத்தை விட்டு ஊரோடு வெளியேறியதைச் சொல்லி முதலில் கேட்டவர், போன கிழமை அவளருகில் படுத்தபடி, அதற்குப் பிறகு தனக்குக் கனகாலம் நித்திரை வராததைச் சொன்னார். எனக்கே அது புதுசு.

இலங்கையின் 1998ஆம் ஆண்டுப் பகிடிவதைத் தடைச் சட்டத்தின் கீழ் முறைப்பாடு செய்வது பற்றி அந்தப் பொடியனின் வீட்டார் யோசிக்கிறார்கள். சாட்சி சொல்வாயா என்று தங்கச்சியிடம் நான் கேட்கவில்லை. 1926 என்ற மனநல உதவித் தொலைபேசி இலக்கத்தை அவள் போனில் போட்டு வைத்திருக்கிறேன்.