காளமேகத்தின் சிலேடைகளை இணையத்தில் இலவசமாக, நல்ல பதிப்பில் படிக்க வழி உண்டா?

பொரிகடலை கேட்டது:

என் அக்காள் மகன் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறான். எந்நேரமும் கடி ஜோக்குதான். "சொத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று அண்ணன் கூப்பிட்டான், போய்ப் பார்த்தால் வாயைத் திறந்து பல்லைக் காட்டுகிறான்" என்பது அவனுடைய அண்மைய கைவரிசை. இந்த ஆர்வத்தைக் காளமேகப் புலவர் பக்கம் திருப்பிவிடலாம் என்று இணையத்தில் தேடினால், எல்லாப் பக்கங்களிலும் அதே நான்கைந்து பாடல்கள்தாம் இருக்கின்றன. அவையும் பக்கத்துக்குப் பக்கம் பாடம், அதாவது சொல் வடிவம், மாறி, எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தவை என்ற குறிப்பே இல்லாமல் கிடக்கின்றன. அவருடைய பாடல்கள் இடம்பெறும் தனிப்பாடல் திரட்டு முழுவதையும், முடிந்தால் உரையோடு, சட்டத்துக்கு உட்பட்டு இலவசமாகப் படிக்க எங்கே செல்ல வேண்டும்?

ஏடுதேடி எழுதியது:

மூன்று இடங்களைச் சொல்கிறேன். 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தன்னார்வலர்கள் தட்டெழுதிப் பிழைதிருத்திய நூல்களைத் தருகிறது. அவற்றைக் கைப்பேசியிலேயே வசதியாகப் படிக்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் இன்டர்நெட் ஆர்க்கைவிலும் பழைய அச்சு நூல்கள் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்யப்பட்டுக் கிடைக்கும். காளமேகம் 15ஆம் நூற்றாண்டினர் என்பதால் மூலப் பாடல்களுக்குப் பதிப்புரிமை கிடையாது. ஆனால் உரைக்கு உண்டு. உரையாசிரியர் காலமாகி 60 ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும், அல்லது அவருடைய நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டிருக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் அண்மைக்கால உரைகளைப் பதிவேற்றி வைத்திருப்பவர்களும் உண்டு, அவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

செக்கடித்தெரு எழுதியது:

ஏடுதேடி ஐயா சொன்ன இடங்கள் சரியானவை. ஆயினும் சிலேடையைப் பொறுத்தவரை தட்டெழுதிய பாடத்தைவிட ஸ்கேன் செய்த பழைய அச்சுப் பக்கத்தையே நான் பரிந்துரைப்பேன். அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் சிலேடையைச் செம்மொழி, பிரிமொழி என்று இரண்டாகப் பிரிக்கிறது. சொல்லைப் பிரிக்காமலே இரு பொருள் தருவது முன்னது. பிரிக்கும் விதத்தில் பொருள் மாறுவது பின்னது. பாம்பையும் எள்ளையும் சேர்த்துப் பாடிய இந்த வெண்பாவைப் பாருங்கள்:

ஆடிக் குடத்தடையும் ஆடும்போ தேஇரையும்
மூடித் திறக்கின் முகங்காட்டும் – ஓடிமண்டை
பற்றிற் பரபரெனும் பாரிற்பிண் ணாக்குமுண்டாம்
உற்றிடுபாம் பெள்ளெனவே ஓது.

படமெடுத்து ஆடிவிட்டுக் குடத்துக்குள் அடைவது பாம்பு. செக்கில் ஆடி, எண்ணெயாகிக் குடத்தை அடைவது எள். ஆடும்போது இரண்டும் இரையும், அதாவது ஓசை எழுப்பும். மூடியைத் திறந்தால் பாம்பு தன் முகத்தைக் காட்டும், எண்ணெயோ நம் முகத்தைக் காட்டும். இவையெல்லாம் செம்மொழி. மூன்றாம் அடியிலுள்ள பிண்ணாக்குதான் உச்சம். எள்ளுக்கு அது செக்கில் மிஞ்சும் சக்கை; பாம்புக்கு அதையே பிள் நாக்கு, அதாவது பிளவுபட்ட நாக்கு என்று பிரிக்க வேண்டும். எளிதாகப் படிக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில் சந்தி பிரித்து வெளியிடுபவர்கள் இந்த இடத்தில் ஏதாவது ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டியிருக்கிறது. தேர்ந்தெடுத்த கணமே பாடலின் பாதி உயிர் போய்விடுகிறது. தங்கள் மருமகனின் 'சொத்தை'யும் பிரிமொழிதான்: சொத்து என்பதோடு ஐ சேர்ந்தால் ஆஸ்தி, பிரிக்காவிட்டால் பல்வலி. இலக்கணப்படி 'சொத்தையைப் பற்றி' என்றுதான் வர வேண்டும் என்று யாராவது கிளம்புவார்கள், பையன் கண்டுகொள்ள வேண்டாம்.

நாகைக்காரி எழுதியது:

செக்கடித்தெரு சொல்வதில் எனக்குப் பாதி உடன்பாடு. ஒன்பதாம் வகுப்புப் பையனிடம் பிரிக்காத பாடத்தை நீட்டினால் இரண்டாம் பக்கத்திலேயே மூடி வைத்துவிடுவான். பிரித்த பாடத்தைக் கைப்பேசியில் முதலில் படிக்கட்டும், பிடித்த பாடலுக்கு மட்டும் பழைய அச்சைத் தேடிப் பார்க்கட்டும். அப்படித் தேடும்போது ஒரு சங்கதி: பழைய பதிப்புகளின் முகப்பில் 'தனிப்பாடற்றிரட்டு' என்று சேர்த்தே அச்சிட்டிருப்பார்கள். 'தனிப்பாடல் திரட்டு' என்று மட்டும் தேடினால் அந்தப் பதிப்புகள் கண்ணில் படாமலே போகலாம் என்பதால் இரண்டு வகையிலும் தேடுங்கள். பாடல் வரிகளுக்கும் இதே கதிதான். 'பாம்பு எள்' என்று தட்டினால் 'பாம் பெள்ளெனவே' எப்படி அகப்படும்? சந்தியில் சிக்காத 'பரபரெனும்' போன்ற ஒற்றைச் சொல்லைப் போட்டுத் தேடுங்கள்.

முதல் பாடலாக எதைக் கொடுப்பது என்றால், எங்கள் ஊர்ச் சத்திரத்தைப் பற்றிய "கத்துகடல் சூழ்நாகை" வெண்பாவைச் சொல்வேன். பொழுது சாயும் வேளையில்தான் அரிசி வரும், அதைக் குத்தி உலையிலிடும்போது ஊர் அடங்கிவிடும், ஓர் அகப்பைச் சோறு இலையில் விழும்போது விடிவெள்ளி முளைத்துவிடும் என்ற வசைதான் அது. அதையே ஊரின் பசி அடக்கும் சத்திரம், வெள்ளியும் வெட்கும் வெண்சோறு என்று புகழாகவும் மாற்றிப் பொருள் சொல்வார்கள். பசியோடு பந்திக்குக் காத்திருந்த எவனுக்கும் உரையே தேவைப்படாது.