ஊட்டிக் குளிரில் கை வெடிக்கிறது: பாம் நல்லதா, லோஷன் நல்லதா?

மதுரைக்காரன்:
மாற்றலாகி ஊட்டிக்கு வந்து இது முதல் ஜனவரி. விடிந்தால் புல்லெல்லாம் உறைபனி, என் கையும் அதே நிறத்தில் வெளுத்துப்போய் விரல் மடங்கும் இடத்தில் கீறல் கீறலாக வெடிக்கிறது. மதுரையில் பூசிய அதே லோஷனை நாலு வேளை பூசுகிறேன், அரை மணி நேரத்தில் பூசிய சுவடே இருப்பதில்லை. ஆபீஸ் அக்கா ஒருவர் "பாம் வாங்கிப் பூசு தம்பி" என்றார். கடையில் பாம் என்று கேட்டால் தலைவலி பாமை எடுத்துக் கொடுத்தார்கள், நானும் பூசித் தொலைத்தேன். கால் மணி நேரம் கையை வாளித் தண்ணீரில் விட்டபடி நின்றேன்.

குளிர்காய்பவள்:
சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். அதில் மென்தாலும் கற்பூரமும் இருக்கும், வெடித்த தோலில் எரியாமல் என்ன செய்யும்? அக்கா சொன்னது தண்ணீரே சேராமல் மெழுகும் எண்ணெயுமாகச் செய்கிற பாம். லோஷனில் பெரும்பகுதி தண்ணீர்தான், மதுரைப் புழுக்கத்துக்கு அது போதும். இங்கே பனிக்காலத்துக் காய்ந்த காற்று அதை உறிஞ்சிவிடும். பாம் மேலே மூடி மாதிரி உட்காரும். ஆனால் மூடிக்கு அடியில் ஈரம் வேண்டுமே, வறண்ட கையில் வெறும் பாமைத் தேய்த்தால் பிசுக்குதான் மிச்சம். குளித்து ஒற்றித் துடைத்ததும் ஈரத்தோடு லோஷன், அதன்மேல் கடலைப் பருப்பளவு பாம்.

தேனடை:
காசு கொடுத்து டப்பா வாங்காதீர்கள். கோத்தகிரிப் பக்கம் தேன்மெழுகு கிடைக்கும். ஒரு பங்கு மெழுகு, நாலு பங்கு நல்லெண்ணெய், கொதிக்கும் தண்ணீரில் கிண்ணத்தை வைத்து உருக்குங்கள், நேரடித் தீ வேண்டாம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே தானே உறையும், இந்தக் குளிரில் மெழுகும் சேர்ந்தால் கல்லாகிவிடும், நகத்தால் சுரண்ட வேண்டியதுதான்.

பழைய ஊட்டிவாசி:
எதைப் பூசினாலும் சரி, முதலில் கெய்சரைக் குறையுங்கள். ஆவி பறக்கக் குளித்து, அதோடு சோப்பையும் தேய்த்தால் தோலில் இருக்கிற எண்ணெயும் போய்விடும். பாமை முகத்தில் அப்பாதீர்கள், எனக்குப் பரு வந்ததுதான் மிச்சம். வெடிப்பில் நீர் கசிந்தால் தோல் டாக்டரிடம் காட்டுங்கள்.

மதுரைக்காரன்:
மூன்று நாளாக லோஷன் மேல் பாம், ராத்திரி பருத்தி சாக்ஸைக் கையில் மாட்டிக்கொண்டு தூக்கம். கீறல் மூடிவிட்டது. அப்புறம் ஒரு சந்தேகம்: காலையில் ஆபீஸ் கைரேகை மிஷின் என் விரலை நான் இல்லை என்கிறது, இந்தப் பிசுக்கை எதில் துடைக்கிறீர்கள்?