நூபியா பாட்டு உங்களைப் பிடித்து உட்கார வைத்தது எப்போது? சொல்லுங்கள்

அப்புச்சி தோட்டம்:

முதலில் நான் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீங்கள் சொல்லுங்கள்.

2013. கோபி பக்கம் எங்கள் அப்புச்சி (அம்மாவின் அப்பா) வீட்டுத் திண்ணை, ராத்திரி எட்டரை இருக்கும், கரண்ட் இல்லை. ஃபோனில் ஒரு பாட்டு கிடந்தது. நண்பர் ஒருத்தர் அனுப்பி ரொம்ப நாளாகியும் நான் திறக்காமல் வைத்திருந்தது. கூடவே ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: “தண்ணி இறைக்கிற சக்கரத்தைப் பத்தின பாட்டு, நடுவுல நிறுத்தாதே.” ஹம்சா எல் தீன் வாசித்துப் பாடிய ‘எஸ்கலே’. 20 நிமிடத்துக்கு மேல் ஓடும். நூபியா என்பது எகிப்தின் தெற்கும் சூடானின் வடக்கும் சேர்ந்த நைல் கரைப் பகுதி. நூபிய மொழியில் அந்தச் சொல்லுக்கு மாடு சுற்றி வந்து இழுக்கும் நீர்ச்சக்கரம் என்று பொருள். அந்த இசைத்தட்டு 1971இல் அமெரிக்காவில் வெளியானது என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது.

ஊத் என்கிற நரம்பு வாத்தியம் மட்டும்தான் முதலில் வந்தது. நாலைந்து சுரம், அதையே திரும்பத் திரும்ப, ஆனால் ஒவ்வொரு தடவையும் எங்கோ ஒரு தட்டு மாறி விழுகிறது. எது மாறியது என்று கண்டுபிடிப்பதற்குள் அடுத்த சுற்று வந்துவிடும். குரல் வந்ததும் அது தனியாகத் தெரியவில்லை, அந்தச் சுற்றுக்குள்ளேயே ஏறி உட்கார்ந்துகொண்டது. அப்புச்சி கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். சக்கரம், மாடு என்று நான் விளக்கியதும் கொஞ்ச நேரம் பேசாமல் கேட்டுவிட்டுச் சொன்னார்: “இவன் மாட்டைத் திருப்பவே மாட்டீங்கறான் பாரு அம்மணி. நம்ம கவலைல மாடு கீழ போனா பின்னால மேல வந்துதான் ஆகோணும், பாட்டும் அங்க நின்னுதான் திரும்பும். இவனுது நிக்கறதே இல்ல.”

கவலை என்றால் மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீரைச் சாலில் இறைப்பது, முப்பது வருஷம் அதை ஓட்டினவர் அவர். அந்தப் பாட்டைப் பற்றி அதற்குப் பிறகு நான் படித்த எதுவும் அவர் சொன்ன அளவுக்கு எனக்கு விளக்கவில்லை. சால் தண்ணீரைக் கொட்டும் இடத்தில் நம் ஏற்றப்பாட்டுக்கு ஒரு முடிப்பு உண்டு. வட்டமாகச் சுற்றுகிற மாட்டுக்கு முதலும் கிடையாது, கடைசியும் கிடையாது. பாட்டும் அப்படியே.

ஹம்சா 1929இல் எகிப்தின் தென்கோடியில் தோஷ்கா என்ற ஊரில் பிறந்தவர். கெய்ரோவில் மின்பொறியியல் படித்து ரயில்வேயில் வேலை பார்த்தார். நைல் ஆற்றில் அஸ்வான் பெரிய அணை வரப்போகிறது, ஊர்கள் எல்லாம் மூழ்கப்போகின்றன என்று தெரிந்ததும் வேலையை விட்டுவிட்டுக் கழுதை மேலேறி ஊர் ஊராகப் போய்ப் பாட்டுகளைச் சேகரித்தார். 1963-64இல் எகிப்துப் பக்கம் மட்டும் சுமார் 50,000 நூபியர்களைக் கிளப்பி வடக்கே கோம் ஓம்போ பக்கம் குடியேற்றினார்கள். அணைத் தண்ணீர் தேங்கிய ஏரிக்குள் தோஷ்கா போய்விட்டது. நான் திண்ணையில் கேட்ட அந்தச் சக்கரம் அதற்குப் பிறகு வாசிக்கப்பட்டது! இது தெரிந்த பிறகு அந்தப் பாட்டை முன்பு மாதிரி கேட்க என்னால் முடியவில்லை. ராத்திரியில், தனியாக, விளக்கை அணைத்துவிட்டுத்தான் கேட்கிறேன்.

நீங்கள் எப்போது, எங்கே கேட்டீர்கள்?

தம்மாம் ஸ்டோர்:

நல்ல பதிவு சகோதரி, உங்க அப்புச்சி சொன்னதை ரெண்டு தடவை படித்தேன். ஆனால் விளக்கை அணைத்துத் தனியாகக் கேட்பது என்பதில் எனக்கு ஒரு மறுப்பு உண்டு, கோபிக்க வேண்டாம்.

நான் சவூதியில், தம்மாமில் ஒரு கட்டுமானக் கம்பெனி ஸ்டோரில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தவன். என் கூட ஸ்டோர் கீப்பராக இருந்தவர் சூடான்காரர், என்னை விடப் பத்து வயது மூத்தவர். அரபு ஆட்களோடு அரபியில் பேசுவார், வீட்டுக்கு ஃபோன் பண்ணும்போது மட்டும் வேறு ஒரு மொழி. அதுதான் நூபிய மொழி என்று தெரியவே எனக்கு ஒரு வருஷம் ஆனது. எந்த ஊர் என்று கேட்டால் “வாதி ஹல்ஃபா” என்பார். ஆனால் அவர் பிறந்தது அங்கே இல்லை. அதே அணைத் தண்ணீர் சூடான் பக்கம் ஏறி வந்து பழைய ஹல்ஃபா டவுனை மூழ்கடித்தபோது அந்த ஜனங்களை, கிட்டத்தட்ட 50,000 பேரை, பல நூறு கிலோமீட்டர் தள்ளி அத்பரா ஆற்றுப் பக்கம் கொண்டுபோய் வைத்தார்கள். புது ஹல்ஃபா என்று பெயர். அவர் அங்கே பிறந்தவர். ஒரு நாள் கூடக் கண்ணால் பார்க்காத ஊரைத்தான் தன் ஊர் என்று சொல்லிக்கொண்டிருந்தார், கேட்கிறவர் யாராக இருந்தாலும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேம்பில் சூடான் ஆட்கள் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். முஹம்மது வர்தி பாட்டு ஓடும். ஸவார்தா என்ற நூபிய ஊரில் 1932இல் பிறந்து, பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து, பிறகு சூடான் முழுக்கக் கொண்டாடும் பாடகர் ஆனவர். அரபியிலும் பாடினார், தாய்மொழியிலும் பாடினார். அரபிப் பாட்டு ஓடும்போது எல்லாரும் சேர்ந்து பாடுவார்கள். நூபியப் பாட்டு வந்தால் நம்ம ஆள் எழுந்து நின்றுவிடுவார். தோள் லேசாக ஆடும், ஒரு அடி முன்னால், ஒரு அடி பின்னால், கை மட்டும் விடாமல் தட்டும். நான் ஓரமாக உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பேன், நீங்கள் சொன்ன அதே மயக்கத்தில்தான்.

ஒரு தடவை என்னை உலுக்கினார். “யா ஸோல், தூங்கறியா? இது கல்யாணப் பாட்டு!” ஸோல் என்றால் அவர்கள் பேச்சில் ஆள், மனுஷன் என்கிற மாதிரி. கையைப் பிடித்து இழுத்து வரிசையில் நிறுத்திவிட்டார். எனக்கு ஆடத் தெரியாது, கை தட்டச் சொன்னார். நான் எல்லாரோடும் சேர்ந்து தட்டினேன். இல்லை என்று தலையாட்டிவிட்டு அவர்கள் தட்டாத இடத்தைக் காட்டினார். அங்கே நான் தட்ட வேண்டுமாம்.

ஒருத்தன் தட்டுவதில் ஒன்றுமே இல்லை, சும்மா ரெண்டு தட்டு. ஆறு பேர் சேர்ந்தால் நடுவில் இன்னொரு தாளம் கேட்கிறது, அதை யாரும் தட்டவில்லை! நம்மை மயக்குவது அதுதான் என்று எனக்கு அன்றைக்குப் பட்டது. ஹெட்ஃபோனில் தனியாகக் கேட்டால் அந்த மயக்கம் மட்டும்தான் கிடைக்கும், அதைச் செய்கிற ஆட்களில் ஒருவராக நிற்பது கிடைக்காது. ஆகவே தயவுசெய்து விளக்கைப் போட்டு, எழுந்து நின்றும் ஒரு முறை கேளுங்கள்.

2023 ஏப்ரலில் கார்த்தூமில் சண்டை தொடங்கிய பிறகு அவரிடமிருந்து மெசேஜ் வந்து நாளாகிவிட்டது. இதை எழுதும்போது அவர் ஞாபகம்தான்.

கஞ்சிரா:

தம்மாம் அண்ணா சொல்வது நூறு சதவீதம் சரி. நான் கஞ்சிரா வாசிக்கிறவன், அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம்.

அவர்கள் கையில் இருப்பது தார். ஒரு பக்கம் மட்டும் தோல் போட்ட வட்டச் சட்டம், சலங்கைத் தகடு கிடையாது, கஞ்சிராவை விட நல்ல அகலம். ஒரு கையால் நிறுத்திப் பிடித்து வாசிப்பார்கள். நடுவில் தட்டினால் ‘தும்’, விளிம்பில் ‘தக்’. அவ்வளவுதான் மூலதனம். நாங்கள் கச்சேரிக்கு முன் தோலில் தண்ணீர் தடவி சுருதியை இறக்குவோம், அவர்கள் நெருப்புப் பக்கம் காட்டித் தோலை முறுக்கேற்றுவார்கள். அந்த மாதிரி சட்டம் ஒன்றை ஒரு நண்பர் துபாயிலிருந்து கொண்டுவந்து கொடுத்தார். வாங்கியதும் என் விரல் வேகத்தைக் காட்டினேன், எதுவும் எடுபடவில்லை. அந்தத் தோலின் ஓசை அடங்க நேரம் எடுக்கிறது, அதற்குள் இன்னொரு அடி அடித்தால் சேறாகிவிடும். குறைவாக வாசித்தால்தான் அது பேசுகிறது. பதினைந்து வருஷம் கற்ற கைக்கு இது லேசில் வரவில்லை.

தாளத்தை எண்ணிப் பார்த்தால் நான் கேட்ட பல பாட்டு ஆறில் ஓடுகிறது. மூன்று மூன்றாகப் பிரித்து ஒரு கூட்டம் தட்டும், இரண்டு இரண்டாகப் பிரித்து இன்னொன்று. காது ஒரு நிமிடம் இதைப் பிடிக்கும், அடுத்த நிமிடம் அதற்குத் தாவும். பாட்டு மாறவே இல்லை, கேட்கிறவர் காதுதான் இடம் மாறிக்கொண்டிருக்கிறது. அலுக்காமல் இருப்பதற்கு எனக்குத் தெரிந்த காரணம் இதுதான்.

இன்னொன்று. ஐந்து சுரம் என்றதும் நம் ஆட்கள் மோகனம், சுத்த சாவேரி என்று ராகப் பெயர் வைத்துவிடுகிறார்கள். சுரக் கணக்குக்கு வேண்டுமானால் ஒத்துப்போகும். ஆனால் நாம் ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடி, சங்கதி சங்கதியாக மேலே ஏறுவோம், அவர்கள் ஏறுவதில்லை. கிஸிர் என்ற ஐந்து நரம்பு வாத்தியத்தைப் பாருங்கள், சூடானில் தம்பூர் என்பார்கள். வலது கை எல்லா நரம்பையும் சேர்த்து வருடும். இடது கை விரல்கள் ஒலிக்க வேண்டாத நரம்புகளை அமுக்கிப் பிடித்திருக்கும். விரல் விட்ட நரம்பு மட்டும் பாடும். மெட்டு அப்படித்தான் பிறக்கிறது, அமுக்குவதிலிருந்து.

படகுப் பயணி:

சின்னதாக ஒன்று. அஸ்வானில் பாய்மரப் படகில் போனோம், ஃபெலுக்கா. படகோட்டி தார் எடுத்துப் பயணிகளுக்காக ஒரு பாட்டுப் பாடினார், நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ஒரு நாளில் பத்து முறை பாடுகிற களைப்பு குரலில் இருந்தது. திரும்பும்போது இருட்டிவிட்டது. மேற்குக் கரையில், கர்ப் ஸொஹேல் பக்கம், நீலமும் மஞ்சளும் அடித்த வீடுகள் இருக்கும் மேட்டிலிருந்து கல்யாணச் சத்தம் வந்தது. ஸ்பீக்கர், கீபோர்டு எல்லாம் சேர்ந்த சத்தம். அதற்கு அடியில் கைதட்டல். படகோட்டி துடுப்பை நிறுத்திவிட்டுத் தானும் தொடையில் தட்ட ஆரம்பித்தார், இப்போது களைப்பே இல்லை. நாங்கள் அங்கே இருந்ததை அவர் மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

அப்புறம் அபு சிம்பெல் போனோம். அணைக்காக அங்கிருந்த பழங்காலக் கோயிலைத் துண்டு துண்டாக அறுத்து மேட்டில் கொண்டுபோய் வைத்ததை வழிகாட்டி ஒரு மணி நேரம் விளக்கினார். ஊர்கள் போனதற்கு ஒரு வாக்கியம். எனக்கு அது உறுத்தியது, இப்போதும் உறுத்துகிறது.

புதியவன்:

ஹம்சா மட்டும் கேட்டிருக்கிறேன். கல்யாண ஆட்டப் பாட்டுக்கு யாரிடம் தொடங்குவது?

அப்புச்சி தோட்டம்:

அலி ஹசன் கூபானிடம் தொடங்குங்கள். அஸ்வான் பக்கத்து நூபியர், கெய்ரோவில் வளர்ந்தவர். கல்யாண இசைக்குள் சாக்ஸஃபோன், ட்ரம்பெட், எலக்ட்ரிக் பேஸ் எல்லாம் கொண்டுவந்தார். அதைக் கேட்டு உட்கார்ந்திருக்க முடியாது. பிறகு அஹ்மத் முனீப், அவர் மெட்டுகளோடு வளர்ந்து வந்த முஹம்மது முனீர். இன்றைய குரல் வேண்டும் என்றால் சூடானில் பிறந்து நியூயார்க்கில் இருக்கும் அல்ஸாரா, அவருடைய நூபடோன்ஸ் குழுவோடு பாடியது. ஊர் திரும்பும் ஏக்கப் பாட்டுகளை அவர் பாடும் விதம் தனி. கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் குழு 1978 செப்டம்பரில் கீஸா பிரமிடுகள் அருகே வாசித்த ஒலிப்பதிவையும் தேடிப் பாருங்கள். ஹம்சாவும் நூபியப் பாடகர்களும் தாரும் கைதட்டலுமாக ஆரம்பிப்பார்கள், ராக் குழு ஒவ்வொருவராக உள்ளே வரும். அவ்வளவு பெரிய கருவிக் கூட்டம் அந்தக் கைதட்டலுக்கு மேல் ஏறி மிதிக்காமல் பக்கத்தில் மெல்ல நடப்பது கேட்கும்.

தம்மாம் அண்ணா, மறுப்பை ஏற்றுக்கொண்டேன். பத்து வருஷமாக நான் அதைத் தாலாட்டு மாதிரி கேட்டிருக்கிறேன். உங்கள் நண்பர் நலமாக இருக்க வேண்டும், செய்தி வந்தால் இங்கே ஒரு வரி போடுங்கள்.

நேற்று சாயங்காலம் கூபானைச் சத்தமாக வைத்து நானும் தங்கச்சியும் நின்று தட்டிப் பார்த்தோம். அவள் மூன்று, நான் இரண்டு. நாலாவது சுற்றில் இரண்டு பேரும் ஒரே தட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டோம், எவ்வளவு முயன்றாலும் அங்கேயே உடைகிறது. கஞ்சிரா, யார் எந்த இடத்தில் தொடங்க வேண்டும் என்று எண்ணி எழுதிப் போட முடியுமா? ஞாயிற்றுக்கிழமை சித்தி பிள்ளைகளும் வருகிறார்கள், ஆறு பேர் ஆகிவிடுவோம்.