"என் பின்னாடி இன்னொருத்தி பாடிண்டே வரா": ஹெட்ஃபோன் மிக்ஸில் நாம் பட்ட பாடு

மாம்பலம்_மாடி

மேற்கு மாம்பலத்தில் மொட்டை மாடி அறை ஒன்றைப் பாய், கம்பளி, பழைய மெத்தை எல்லாம் சுவரில் சாத்தி ரெக்கார்டிங் அறையாக ஆக்கி வைத்திருக்கிறேன். மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கிற, இரண்டு இன்புட் உள்ள இன்டர்ஃபேஸ், ரீப்பர் என்கிற ரெக்கார்டிங் மென்பொருள், ஒரு கண்டென்சர் மைக். அவ்வளவுதான் சொத்து. கீழ் வீட்டில் குக்கர் விசில் அடித்தால் டேக் போச்சு.

போன மாதம் எதிர் வீட்டு மாமி வந்தார். பேரன் பூணூலுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க, தான் பாடிய நாலு பாட்டு வேண்டுமாம். மேடை ஏறியவர் இல்லை, ஆனால் வருஷக்கணக்கில் தெருப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர், ஐந்து கட்டையில் உட்கார்ந்தால் சுருதி அசையாது. ஹெட்ஃபோன் போட்டுப் பாடுவது அதுதான் முதல் தடவை. பல்லவி இரண்டு வரி போயிருக்கும். ஹெட்ஃபோனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "கண்ணா, என் பின்னாடி இன்னொருத்தி பாடிண்டே வரா" என்றார்.

நான் சிரித்தேன். பழக்கம் இல்லாததால் அப்படித் தோன்றுகிறது, போகப் போகச் சரியாகிவிடும் என்று சொல்லி இன்னும் மூன்று டேக் எடுத்தேன். மூன்றிலும் காலப்பிரமாணம் ஜவ்வு மாதிரி இழுத்தது. தாளம் தப்பவே தப்பாத மனுஷி, தொடையில் தட்டிக்கொண்டே பின்வாங்கிப் பின்வாங்கிப் பாடுகிறார். அப்புறம்தான் புத்தி வந்து அதே ஹெட்ஃபோனை நான் மாட்டிக்கொண்டு மைக் முன்னால் "ச" என்றேன். இரண்டு "ச" கேட்டது.

நடந்தது இதுதான். முந்தின ராத்திரி வேறொரு பாட்டை மிக்ஸ் செய்தபோது கம்ப்யூட்டர் திணறாமல் இருக்க பஃபரை, அதாவது அது ஒரு தடவைக்குச் சேர்த்து வைத்துக் கையாளுகிற ஒலியின் அளவை, 1024 சாம்பிளில் வைத்தவன் அப்படியே விட்டுவிட்டேன். 48 கிலோ ஹெர்ட்ஸில் 1024 சாம்பிள் என்றால் 21 மில்லி செகண்ட், உள்ளே போக ஒரு தடவை, வெளியே வர ஒரு தடவை, ஆக 42-க்கு மேல், கன்வெர்ட்டருக்கும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். 15 மீட்டர் தள்ளி நின்று ஒருத்தி திருப்பிப் பாடினால் எவ்வளவு தாமதமாகக் கேட்குமோ அவ்வளவு. இது போதாதென்று மைக் சத்தத்தைக் கம்ப்யூட்டரைச் சுற்றாமல் நேராக ஹெட்ஃபோனுக்கு அனுப்புகிற டைரக்ட் மானிட்டர் பட்டனும் இன்டர்ஃபேஸில் போட்டிருந்தேன். அதனால் மாமி குரல் நேராக ஒரு தடவை, ரீப்பருக்குள் சுற்றிவிட்டு இன்னொரு தடவை. அவர் சொன்னது அட்சர சுத்தம், பின்னால் இன்னொருத்தி பாடத்தான் செய்தாள்.

ரீப்பர் வழியாகக் குரல் திரும்பிக் கேட்கிற ரெக்கார்ட் மானிட்டரிங்கை அணைத்து, டைரக்ட் மானிட்டரை மட்டும் வைத்தேன். இழுவை போய்விட்டது. ஆனால் உடனே அடுத்த புகார்: "என்னடா இது, தொண்டை காஞ்சாப்ல இருக்கு." நியாயம்தான். மெத்தை சாத்திய அறை, மைக்கிலிருந்து நேராகக் காதுக்கு, துளி கார்வை கிடையாது. கூடத்தில் தரையில் உட்கார்ந்து பாடிப் பழகியவருக்கு அது பெரிய தண்டனை.

இதற்கு ஒரு வழி உண்டு, ரொம்ப பேர் செய்வதில்லை. குரல் டிராக்கில் மானிட்டரிங்கைத் திரும்பப் போடுங்கள், ஆனால் அந்த டிராக் மாஸ்டருக்கு (எல்லா டிராக்கும் சேர்ந்து வெளியே போகிற இடம்) போவதை வெட்டிவிட்டு, கார்வை சேர்க்கிற ரிவர்ப் டிராக்குக்கு மட்டும் சென்ட், அதாவது ஒரு கிளை, கொடுங்கள். ரிவர்ப்பில் டிரை (மூலக் குரல்) சுத்தமாக மூடி, வெட் (கார்வை) மட்டும் திறந்திருக்க வேண்டும். குரல் இன்டர்ஃபேஸிலிருந்து நேராக வருகிறது, கார்வை மட்டும் மென்பொருள் வழியாகக் கொஞ்சம் பிந்தி வருகிறது. கார்வை என்றாலே பிந்தி வருவதுதானே, காதுக்குத் தெரியாது. பஃபரையும் 128-க்கு இறக்கியிருந்தேன். மாமி கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் இரண்டு பாட்டு பாடிக் கொடுத்தார், நடுவில் விசில் கூட வரவில்லை.

உங்கள் கதைகளைச் சொல்லுங்கள். நான் மட்டும்தான் இப்படி அசடு வழிந்தவன் என்று நம்ப மாட்டேன்.

---

பழைய_பேட்ச்கார்ட்

நீங்கள் மாமியிடம் வழிந்தீர்கள், நான் ஒரு பெரிய பாடகியிடம் வழிந்தேன். வடபழனிப் பக்கம் ஒரு ஸ்டூடியோ, பெயர் வேண்டாம். சேர்ந்து நாலு மாதம் இருக்கும், டீ வாங்குவதிலிருந்து கேபிள் சுற்றுவது வரை என் வேலை. அன்றைக்கு இன்ஜினியர் வர நேரமாகிவிட்டது, "நீயே ஓட்டுடா" என்று கன்சோல் முன் உட்கார்த்திவிட்டார்கள்.

பூத்தில் அம்மா சரணம் பாடிக்கொண்டிருக்கிறார். பின்னால் சோபாவில் இருந்த இசையமைப்பாளர், குரல் சரியாகக் கேட்கவில்லை, அந்த வயலினைக் கொஞ்சம் இறக்கு என்றார். இறக்கினேன். அடுத்த நொடி உள்ளே பாட்டு நின்றது. "சுருதி எங்கே போச்சு?" என்றார் அம்மா, கோபமாகக் கூட இல்லை, ஏதோ கீழே விழுந்த பொருளைத் தேடுகிற குரலில். அந்த வயலினைப் பிடித்துக்கொண்டுதான் அவர் பாடிக்கொண்டிருந்திருக்கிறார். ஹெட்ஃபோனுக்குப் போகிற சென்ட் எல்லாவற்றையும் நான் போஸ்ட் ஃபேடரில், அதாவது சத்தத்தை ஏற்றி இறக்குகிற ஃபேடருக்குப் பின்னால் பிரிகிற மாதிரி, வைத்திருந்தேன். இங்கே ஃபேடரை இறக்கினால் அங்கே அவர் காதிலும் இறங்கும்.

பாடுகிறவர் காதுக்குப் போகும் சென்ட், ஃபேடருக்கு முன்னாலேயே பிரிகிற ப்ரீ ஃபேடராகத்தான் இருக்க வேண்டும். நீங்கள் இந்தப் பக்கம் ஃபேடரை ஏற்று, இறக்கு, அடியோடு மூடு, உள்ளே எதுவும் மாறக் கூடாது. ரிவர்ப்புக்குப் போகிற சென்ட் போஸ்ட், காதுக்குப் போகிற சென்ட் ப்ரீ. புது ஆட்களுக்கு நான் முதலில் சொல்லித் தருவது இதைத்தான். கியூபேஸ் ப்ரோ மென்பொருளில் கன்ட்ரோல் ரூம் என்று தனியாக ஒரு பகுதி இருக்கிறது, அதில் நான்கு க்யூ மிக்ஸ் (பாடுகிறவர் காதுக்கான தனி மிக்ஸ்) வரை போடலாம். ஸ்டூடியோ ஒன்னிலும் க்யூ மிக்ஸ் உண்டு. புரோ டூல்ஸ், ரீப்பர் என்றால் ஒவ்வொரு டிராக்கிலிருந்தும் நாமே சென்ட் இழுத்து, இன்டர்ஃபேஸின் 3-4 அவுட்டுக்கு அனுப்ப வேண்டும். ஆர்எம்இ இன்டர்ஃபேஸ் வைத்திருப்பவர்களுக்கு அதன் டோட்டல்மிக்ஸ் மென்பொருளில் ஒவ்வொரு அவுட்புட்டுக்கும் தனி மிக்ஸ் கிடைக்கும், கொடுத்து வைத்தவர்கள்.

ஸோலோ பட்டன் இன்னொரு கண்ணிவெடி. டேக் ஓடும்போது ஏதோ கிர்ரென்று கேட்கிறதே, எந்த டிராக் என்று பார்க்க, மற்றதெல்லாம் அடங்கி ஒன்று மட்டும் கேட்கிற மாதிரி ஸோலோ போடுவோம். அப்போது பாடுகிறவர் காதில் என்ன ஆகிறது என்று உங்கள் மென்பொருளில் ஆள் இல்லாதபோதே ஒரு தடவை சோதித்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் டேக் முடியும்வரை ஸோலோ பக்கம் கையை வைக்காதீர்கள்.

இந்தப் பக்கமிருந்து பூத்துக்குள் இருப்பவரோடு பேசுகிற டாக்பேக் கதையையும் சொல்லிவிடுகிறேன். அமுக்கியதும் நிற்கிற மாதிரி ஒரு பட்டன், கையை எடுத்தால் அணையாது, மறுபடி அமுக்க வேண்டும். அணைத்துவிட்டோம் என்று நினைத்து, சோபாவில் இருந்த ஒருவர் "இன்னிக்கு அண்ணனுக்குத் தொண்டை இல்லை, நாளைக்கு வேற ஆளை வெச்சு எடுத்துக்கலாம்" என்றார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்த அண்ணன் மெதுவாக ஹெட்ஃபோனைக் கழற்றி, மடித்து, ஸ்டாண்டில் மாட்டிவிட்டு வெளியே வந்தார். யாரையும் பார்க்கவில்லை, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த டாக்பேக்கை யார் கடைசியாக அமுக்கியது என்று இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

நான் இல்லை.

---

அரைக்கட்டை

பாடுகிற பக்கத்திலிருந்து ஒரு குரல் வரட்டும். ஒன்பது வருஷமாக டிராக் பாடுகிறேன். பெரிய பாடகர் வந்து பாடும்வரை இடத்தை நிரப்பி வைக்கிற குரல் என்னுடையது, அதனால் எனக்கென்று மிக்ஸ் போட யாரும் மெனக்கெட மாட்டார்கள்.

இன்ஜினியர் அண்ணாக்களுக்கு ஒரு விஷயம். எங்கள் குரலை எங்கள் காதில் அள்ளிக் கொட்டாதீர்கள். என் குரல் காதில் பெரிதாகக் கேட்டால் நான் அடக்கி வாசித்துவிடுவேன், மூச்சு முழுதாக இறங்காது, மேல் ஸ்தாயியில் சுருதி அரைக்கால் கீழே தொங்கும். குரலே கேட்காவிட்டால் கத்துவேன், அப்போது மேலே ஏறும். சுருதி சேரவில்லை என்று என்னைப் பத்து தடவை பாட வைப்பதற்கு முன்னால் அந்த ஒரு ஃபேடரைக் கொஞ்சம் அசைத்துப் பாருங்கள். நாங்கள் ஒரு காதை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு பாடுவது ஸ்டைலுக்காக இல்லை. எலும்பு வழியாக உள்ளே கேட்கிற குரலும் ஹெட்ஃபோன் குரலும் சண்டை போடும்போது, வெளிக்காற்றில் வருகிற குரல்தான் பஞ்சாயத்து பண்ணுகிறது. அப்படித் திறந்து வைப்பவர்களுக்கு மிக்ஸை ஒரே பக்கம் தள்ளிவிட்டு அந்தப் பக்கத்தை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கழுத்தோரம் தொங்குகிற காதிலிருந்து தாளத்துக்கான க்ளிக் சத்தம் முழுக்க மைக்குக்குள் போகும்.

பின்னணியில் இருக்கிற எல்லாமும் எனக்கு வேண்டாம். கீபோர்டு பேட், ஸ்ட்ரிங்ஸ், அகலமாக அலையும் கோரஸ் எல்லாம் உங்களுக்கு அழகாக இருக்கும், எனக்கு அதில் சுருதியைப் பிடிக்க முடியாது. தாளத்துக்கு ஒன்று, சுருதிக்கு அசையாத ஒன்று, பியானோவோ தம்புராவோ, அவ்வளவு போதும். ஒரு தடவை ஆசையாகத் தம்புரா ஆப்பை ஓட்டிவிட்டார் ஒருவர். கீபோர்டில் எடுத்த டிராக்குக்கும் அந்த ஆப்புக்கும் ஒரு மயிரிழை வித்தியாசம். இரண்டுக்கும் நடுவில் ஒரு மணி நேரம் அல்லாடினேன், கடைசியில் "உங்களுக்கு இன்னிக்கு மூடு இல்லை போலம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து, அவர்கள் அனுப்பிய ரஃப் கட்டை ட்யூனரில் வைத்துப் பார்த்த பிறகுதான் எனக்கே விளங்கியது.

இன்னொன்று, மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். "சார், என் குரலைக் கொஞ்சம் குறைங்க" என்று இரண்டு தடவைக்கு மேல் கேட்க எங்களுக்குக் கூச்சம். ஒரு இடத்தில் மூன்றாவது தடவை கேட்டேன். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், அவர் ஃபேடர் மேல் விரலை வைத்தார், நகர்த்தவே இல்லை, "இப்போ ஓகேவா?" என்றார். "ஓகே சார்" என்றேன்.

---

கோவைத்தவில்

அம்மிணி சொன்னது நூத்துக்கு நூறுங்க. நான் வாசிக்கிறது தவில், ஊரே கேக்குற வாத்தியம், அதுக்கு ஹெட்ஃபோன் மிக்ஸ் போடுறதுங்கிறது வேற மாதிரி கூத்து.

மூணும் நாலுமாக ஏழு எண்ணிக்கை வருகிற மிஸ்ர சாபு தாளத்தில் ஒரு பாட்டு. காதில் க்ளிக் போட்டுவிட்டார் பையன், ஏழு தட்டும் ஒரே மாதிரி டக் டக் டக் என்று, மரங்கொத்தி மண்டையில் உட்கார்ந்த மாதிரி. அதில் மூணும் நாலும் எங்கே பிரிகிறது என்று எவனுக்குத் தெரியும்? வெஸ்டர்ன் வாசிக்கிறவருக்கு அது போதும், எங்களுக்கு ஆகாதுங்க. அப்புறம் நானே மைக்கில் "தகிட தகதிமி" என்று ஒரு நிமிஷம் சொல்லிக் கொடுத்தேன், பையன் அதை வெட்டி லூப் ஆக்கி, "த" விழுகிற இரண்டு இடத்திலும் ஒரு கைதட்டு வைத்தார். அதை வைத்து ஒரே டேக்கில் முடிந்தது. க்ளிக் என்றால் டக்குச் சத்தம்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லீங்க, வாசிக்கிறவருக்கு எது தாளமோ அதை வையுங்கள்.

சத்தம்தான் பெரிய தலைவலி. வலந்தலையில் விரல் கூட்டோடு ஒரு அடி விழுந்தால் ஹெட்ஃபோனில் இருக்கிற நாதஸ்வரம் காணாமல் போய்விடும். இன்னும் வை, இன்னும் வை என்று கேட்டு, வாசித்து முடித்த பின்னால் ராத்திரி முழுக்க காதில் ஙொய்ங் என்று ஒரு சத்தம். இப்போது காதுக்குள் அடைக்கிற இன்-இயர்தான். வெளிச்சத்தம் குறைவாக நுழைவதால் மிக்ஸ் குறைவாக இருந்தாலே போதும், தலையை ஆட்டி வாசித்தாலும் கழன்று விழாது.

ஒரு தடவை 250 ஓம் மின்தடை உள்ள ஹெட்ஃபோன் ஒன்றைக் கொண்டுவந்து சின்ன இன்டர்ஃபேஸில் சொருகிவிட்டு, முழுசாகத் திருப்பியும் சத்தம் வரவில்லை என்று பாதி நாள் கேபிளை மாற்றிக்கொண்டிருந்தோம். 80 ஓமுக்குக் கீழே இருப்பதாகப் பார்த்து வாங்கியிருந்தால் அந்த வேலை மிச்சம்.

---

மாம்பலம்_மாடி

அரைக்கட்டை சொன்ன அந்த விரல் விஷயத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. நானும் ஒரு தடவை அப்படிச் செய்திருக்கிறேன். பக்கத்துத் தெருப் பையன், ரொம்ப நச்சரிக்கிறான் என்று நினைத்துச் சும்மா நாபைத் தொட்டேன்.

சரி, ஒரு சந்தேகம். மாமி வரும் சனிக்கிழமை திரும்ப வருகிறார், கூடவே மிருதங்கம் வாசிக்கிற அவர் அண்ணா பிள்ளையும். இரண்டு பேருக்கும் வேறு வேறு மிக்ஸ் வேண்டும், என் இன்டர்ஃபேஸில் இருப்பதோ இரண்டே அவுட்புட், ஹெட்ஃபோன் துளையிலும் அதே 1-2 தான் வருகிறது. சும்மா ஸ்ப்ளிட்டர் போட்டால் இரண்டு பேருக்கும் ஒரே மிக்ஸ்தான்.

---

பழைய_பேட்ச்கார்ட்

ஸ்டீரியோவை மறந்துவிடுங்கள். மாமிக்கு வேண்டியது எல்லாம் இடது பக்கம், பிள்ளைக்கு வேண்டியது எல்லாம் வலது பக்கம் என்று இரண்டு மோனோ மிக்ஸ். ஒவ்வொரு டிராக்கிலிருந்தும் இரண்டு சென்ட், இரண்டும் ப்ரீ ஃபேடர், ஒன்று இடது ஓரத்துக்கு, ஒன்று வலது ஓரத்துக்கு. மாஸ்டர் அந்த அவுட்டுக்குப் போகாமல் அணைத்துவிடுங்கள். ரிச்சி தெருவில் கேட்டால் ஸ்டீரியோவை இரண்டு மோனோவாகப் பிரிக்கிற ஒய் கேபிள் கிடைக்கும். ஒவ்வொரு முனையும் ஒரு சின்ன ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயருக்குப் போக வேண்டும், இரண்டு காதிலும் ஒரே சத்தம் வருகிற மாதிரி. முக்கியமாக, டைரக்ட் மானிட்டர் இரண்டு பக்கமும் ஒன்றாகக் கலந்துவிடும், அதனால் அதை அணைத்துவிட்டு பஃபரை 64-க்கு இறக்கிப் பாருங்கள். குரல் டிராக்கிலும் மாஸ்டரிலும் கனமான ப்ளக்-இன் எதுவும் இருக்கக் கூடாது. சத்தத்தை முன்கூட்டியே பார்த்து அடக்குகிற லுக்-அஹெட் லிமிட்டர் ஒன்று மாட்டியிருந்தால், அதுவே தாமதம் சேர்க்கும், பஃபரை எவ்வளவு இறக்கியும் பிரயோஜனம் இல்லை.

நீங்கள் கண்ட்ரோல் பண்ண மூன்றாவது ஹெட்ஃபோன் எங்கே சொருகுவீர்கள்?

---

மாம்பலம்_மாடி

அதை யோசிக்கவே இல்லை.